அப்பாயியின் குரல் ஏஎம்ஆர் கோப்பில் இருக்கிறது. எம்பி3 ஆக மாற்றினால் கெட்டுவிடுமா?

மிளகுக்கொடி எழுதியது:

வணக்கம். எனக்கு ஊர் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம். வேலை சேலத்தில், வாரக் கடைசியில் மலையேறிவிடுவேன். என் அப்பாயி 2013இல் காலமானார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், அடைமழை பிடித்த ஓர் இரவில், அவர் சொன்ன கதையைப் பட்டன் போனில் பதிவு செய்து வைத்திருந்தேன். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பி வந்து, சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை என்று ஆளுக்கொரு மலையில் குடியேறிய கதை. எங்கள் மலையாளிச் சனத்தில் (கேரளத்தார் அல்ல, இந்த மலைகளின் பழங்குடி) இதைச் சொல்லப் பலர் உண்டு. அப்பாயி நடுநடுவே பாட்டாக இழுத்து, மறுபடி பேச்சுக்கு இறங்கி வருவார். அந்த வகையில் சொல்ல இப்போது வீட்டில் ஆளில்லை.

கோப்பின் பெயர் ஏஎம்ஆர் என்று முடிகிறது. புதுப் போனின் பாட்டுச் செயலி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. போன மாதம் ஒரு கடையில் கொடுத்தேன். தரம் கூட்டித் தருகிறோம் என்று சொல்லி எம்பி3 ஆக்கிக் கொடுத்தார்கள். மூலக் கோப்பு ஒரு மெகாபைட்டுக்குச் சற்று மேல். அவர்கள் கொடுத்தது 27.8 மெகாபைட். ஆனால் கேட்டால் அப்பாயி தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுவது போல் இருக்கிறது. குரலை உயர்த்தும் இடங்களில் கரகரவென்று உடைகிறது. நல்ல வேளையாக மெமரி கார்டில் மூலக் கோப்பு அப்படியே இருக்கிறது.

இன்னொரு கோப்பும் உண்டு. மறு வருடம் வாங்கிய ஆண்ட்ராய்டு போனில் பதிந்தது, அதன் பெயர் 3ஜிபி என்று முடிகிறது. பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது போன் வாசற்படியில் விழுந்து பேட்டரி கழன்றுவிட்டது. கோப்பு இருக்கிறது, எதிலும் திறக்கவில்லை. இரண்டையும் என்ன செய்யலாம்? தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

கொலுசுப்பட்டறை எழுதியது:

நண்பரே, இதற்குக் கடைக்கே போயிருக்க வேண்டாம். இணையத்தில் மாற்றித் தரும் தளங்கள் நிறைய இருக்கின்றன. கோப்பை ஏற்றினால் ஒரு நிமிடத்தில் எம்பி3 கைக்கு வந்துவிடும். செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் பட்டறைக்குக் கொலுசு ஆர்டர் எல்லாம் வாட்ஸ்ஆப் குரல் செய்தியாகத்தான் வருகிறது. எடை, அளவு, மணி வைத்ததா வைக்காததா என்று எல்லாமே பேச்சில் இருக்கும். தகராறு வந்தால் கேட்டுப் பார்ப்பதற்காக அப்படித்தான் மாற்றி வைக்கிறேன். 320 கிலோபிட் என்று தேர்ந்தெடுங்கள், அதுதான் உயர்ந்த தரம்.

ஒலிக்கூடம் எழுதியது:

தம்பி மிளகுக்கொடி, முதலில் அந்தக் கார்டைப் போனிலிருந்து கழற்றிவிடுங்கள். அதில் புதிதாக ஒரு போட்டோகூட ஏற வேண்டாம். கார்டு ரீடரில் போட்டு, இரண்டு கோப்புகளையும் கணினிக்கும் ஒரு பென்டிரைவுக்கும் பிரதி எடுங்கள். பிறகு ஏஎம்ஆர் கோப்பின் அளவை மெகாபைட்டில் அல்ல, ஒரு பைட் விடாமல் எழுதுங்கள். சொல்கிறேன்.

கொலுசுப்பட்டறை நண்பருக்கு: ஆர்டர் பேச்சுக்கு உங்கள் வழி போதும். ஆனால் வீட்டுப் பெரியவர்களின் குரலை எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒரு சர்வருக்கு அனுப்ப நான் சொல்ல மாட்டேன். 320 பற்றிய உங்கள் எண்ணமும் சரியில்லை. அதைத் தனியாக எழுதுகிறேன்.

மிளகுக்கொடி எழுதியது:

எடுத்துவிட்டேன் அண்ணா. 11,13,606 பைட்.

ஒலிக்கூடம் எழுதியது:

அப்படியென்றால் பதிவின் நீளம் 11 நிமிடம் 36 விநாடி. சரிதானா பாருங்கள்.

கணக்கு இதுதான். ஏஎம்ஆர் ஒலியை 20 மில்லிவிநாடித் துண்டுகளாக வெட்டுகிறது. விநாடிக்கு 50 துண்டு. நொடிக்கு 12.2 கிலோபிட் என்ற மேல் அளவில் ஒவ்வொரு துண்டும் கோப்பில் 32 பைட் பிடிக்கும். ஆக விநாடிக்கு 1,600 பைட், நிமிடத்துக்கு 96,000. உங்கள் அளவில் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 6 பைட்தான் கோப்பின் தலைப்பு. நோட்பேடில் திறந்தால் முதல் வரியில் ஒரு ஹேஷ் குறி, ஒரு ஆச்சரியக் குறி, அடுத்து ஏஎம்ஆர் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் தெரியும். மீதியை 32ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 34,800 துண்டு வருகிறது. ஒரு துண்டுகூடச் சிதையவில்லை. அப்பாயி முழுசாக இருக்கிறார்.

மிளகுக்கொடி எழுதியது:

கைபேசியில் 11:36 என்றுதான் காட்டுகிறது. எனக்குக் கை நடுங்கிவிட்டது அண்ணா.

ஒலிக்கூடம் எழுதியது:

இப்போது கடைக்காரர் செய்தது என்ன என்று பார்ப்போம். இது புரிந்தால் இனி யாரும் உங்களிடம் தரம் கூட்டித் தருவதாகச் சொல்ல முடியாது.

ஏஎம்ஆர் பாட்டுக்காகச் செய்த வடிவம் இல்லை. தொலைபேசிப் பேச்சுக்காகச் செய்தது. கைபேசித் தொடர்புக்கான தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு 1999 வாக்கில் அதைக் கைபேசிக் குரலுக்கான தரமாக ஏற்றது. அது ஒலி அலையை அப்படியே எழுதி வைப்பதில்லை. மனிதத் தொண்டையும் வாயும் அந்த 20 மில்லிவிநாடியில் எந்த வடிவில் இருந்தன, எந்தத் துடிப்பு உள்ளே போனது என்று குறிப்பு எழுதி வைக்கிறது. திருப்பிப் போடும்போது அந்தக் குறிப்பைப் பார்த்துக் குரலை மறுபடி கட்டுகிறது. அதனால்தான் இவ்வளவு சின்னக் கோப்பில் பேச்சு இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது. அதே காரணத்தால்தான் உடுக்கையும் கோயில் மணியும் அதில் பாழாகிவிடும். அவற்றுக்குத் தொண்டை இல்லை.

இன்னொன்று, அது ஒலி அலையை விநாடிக்கு 8,000 முறைதான் அளந்து மாதிரி எடுக்கிறது. ஆகவே அதில் பாதியான 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி எதுவும் உள்ளே வர வழியே இல்லை. நடைமுறையில் 3,400 வரைதான். அப்பாயி 'சேர்வராயன்' என்று சொல்லும் இடத்தைக் கேளுங்கள். முதல் எழுத்தின் சீறல் மழுங்கியிருக்கும், ஏனென்றால் அந்தச் சீறல் பெரும்பாலும் 4,000க்கு மேலேதான் வாழ்கிறது. பதிவு செய்த அந்த இரவிலேயே அது போய்விட்டது. 320 கிலோபிட் எம்பி3 ஆக்கினாலும் திரும்ப வராது. ஒரு படி அரிசியை மூட்டைக்குள் கொட்டினால் மூட்டை அரிசி ஆகிவிடாது. 320 கிலோபிட் என்றால் விநாடிக்கு 40,000 பைட், 696 விநாடிக்கு 27.8 மெகாபைட் என்று மூலத்தைப் போல 25 மடங்கு இடம்தான் போயிற்று.

அந்தக் கரகரப்பு வடிவ மாற்றத்தால் வந்திருக்காது. அந்த எம்பி3இலிருந்து பத்து விநாடித் துண்டு இருந்தால் போடுங்கள்.

அம்மாப்பேட்டைத் தறி எழுதியது:

மழைச் சத்தம் பின்னால் இருந்தால் அதை எடுத்துவிட ஆடாசிட்டி மென்பொருளில் வசதி இருக்கிறது. ஆனால் ஒரு சொல் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், தம்பி.

என் அப்பா தறியில் உட்கார்ந்து பேசியதை 2014இல் பதிந்தேன். பட்டுத்தறி, கைத்தறிதான். ஆனாலும் நாடா ஓடும் சத்தமும் பலகை அடிக்கும் சத்தமும் பேச்சின் மேல் விழுந்தபடி இருக்கும். அது இடைஞ்சலாக இருக்கிறதே என்று இரைச்சல் நீக்கத்தை முழுசாக முடுக்கினேன். சத்தம் போனது. அப்பாவின் குரல் தண்ணீருக்கடியில் பேசுவது போல் ஆனது. கவனிக்காமல் அதே பெயரில் அதே இடத்தில் சேமித்துவிட்டேன். மூலம் போயிற்று. அவர் போன பிறகு கேட்டுப் பார்த்தால், எனக்கு இப்போது அந்தத் தறிச் சத்தம்தான் வேண்டியிருக்கிறது. அது இல்லாமல் அவர் பேசி நான் கேட்டதே கிடையாது.

மழையை விட்டுவிடுங்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் வேறு பெயரில் ஒரு பிரதி வைத்துக்கொண்டு அதில் செய்யுங்கள்.

மிளகுக்கொடி எழுதியது:

அண்ணா, படித்துவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. மழையைத் தொட மாட்டேன். அது எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் விழுந்த மழை.

பத்து விநாடித் துண்டை இணைத்திருக்கிறேன்.

ஒலிக்கூடம் எழுதியது:

பார்த்தேன். அலையின் உச்சிகள் எல்லாம் ரம்பம் வைத்து அறுத்தது போல் தட்டையாக இருக்கின்றன. ஒலி அளவைத் தாறுமாறாக ஏற்றியிருக்கிறார்கள். எண்ணின் எல்லையைத் தாண்டிய பகுதி வெட்டுப்பட்டு, அதுதான் கரகரப்பாகக் கேட்கிறது. அந்த எம்பி3ஐ மறந்துவிடுங்கள். ஏற்கெனவே இழப்போடு சுருக்கியதை இன்னொரு இழப்புச் சுருக்கத்துக்குள் தள்ளி, அதை மறுபடி வேறொன்றுக்குள் தள்ளினால் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் தேயும். எப்போதும் மூலத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

உங்களுக்கான வழி. விஎல்சி, ஆடாசிட்டி, எஃப்எஃப்எம்பெக் மூன்றும் இலவசம். எஃப்எஃப்எம்பெக் 2000இல் தொடங்கிய மென்பொருள், ஏஎம்ஆரைத் தானாகவே படிக்கும். கட்டளை எழுதிப் பழக்கமில்லை என்றால் விஎல்சியில் 'மீடியா' பட்டியலுக்குள் மாற்றிச் சேமிக்கும் வசதி இருக்கிறது. ஆடாசிட்டிக்கு ஏஎம்ஆர் திறக்க எஃப்எஃப்எம்பெக் நூலகத்தையும் சேர்த்து நிறுவ வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள்.

முதலில் வேவ் ஆக்குங்கள். வேவ் சுருக்கம் இல்லாத வடிவம், 1991 முதல் இருக்கிறது, திறக்காத கருவி அரிது. மாதிரி வேகம் 8,000, ஒற்றைத் தடம், 16 பிட் என்று வைத்தால் 11.1 மெகாபைட் வரும். இதில் புதிதாக எந்த இழப்பும் இல்லை. இடம் குறைய வேண்டுமென்றால் ஃபிளாக். அதுவும் இழப்பில்லாதது, பல நேரம் வேவில் பாதிக்குக் கிட்ட நிற்கும். ஒலி அளவு கூட்டுவது, முன்பின் வெட்டுவது எல்லாம் இந்த வேவின் பிரதியில் மட்டும்.

உறவினர்களுக்கு அனுப்ப, காரில் கேட்க, எம்பி3 எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சுக்கு 64 கிலோபிட், ஒற்றைத் தடம் போதும். ஆனால் அப்போது மாதிரி வேகத்தை 44,100க்கு மாற்றிவிடுங்கள். 8,000 ஹெர்ட்ஸ் எம்பி3 என்பது முதல் எம்பி3 தரத்தில் இல்லாத, பின்னால் சேர்த்த ஒரு நீட்டிப்பு. பழைய கார் பிளேயர்கள் சில அதைக் கண்டால் திகைத்து நின்றுவிடும்.

கொலுசுப்பட்டறை எழுதியது:

நான் சொன்ன 320ஐத் திரும்பப் பெறுகிறேன். நேற்று ஒரே குரல் செய்தியை 64இலும் 320இலும் மாற்றி, எது எதென்று தெரியாமல் என் மகளைப் போடச் சொல்லிக் கேட்டேன். என் காதுக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. ஒரு சந்தேகம்: வாட்ஸ்ஆப்பிலிருந்து வருவது ஓபஸ் என்று முடிகிறது. அதை மாற்றாமலே வைக்கலாமா?

ஒலிக்கூடம் எழுதியது:

தாராளமாக. ஓபஸ் 2012இல் வெளியான திறந்த தரம், குறைந்த பிட்டில் பேச்சைக் காப்பதில் எம்பி3ஐவிட மேல். கேட்கும் கருவி ஏற்காதபோது மட்டும் மாற்றுங்கள்.

அஸ்தம்பட்டி வழக்கறிஞர் எழுதியது:

கொலுசுப்பட்டறை ஐயாவுக்கு ஒரு எச்சரிக்கை. தகராறு வந்தால் கேட்டுப் பார்க்க என்கிறீர்கள். அது நீதிமன்றம் வரை போனால், நீங்கள் மாற்றி வைத்த எம்பி3 உங்களுக்கே வினையாகலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும். கோப்பின் ஹேஷ் மதிப்பை எழுத அதில் இடம் இருக்கிறது. ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரே ஒரு பிட் மாறினாலும் வேறு எண் வந்துவிடும். ஓபஸுக்கு ஒரு கைரேகை, அதிலிருந்து எடுத்த எம்பி3க்கு வேறு கைரேகை. எதிர்த்தரப்பு முதலில் கேட்பதே 'இது மூலமா?' என்றுதான். செய்தி வந்த போனையும் அதில் இருக்கும் கோப்பையும் அழிக்காதீர்கள். யாருக்காவது அனுப்புவதென்றால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

சூரமங்கலம் ஆசிரியை எழுதியது:

எங்கள் பழைய சாம்சங் போனில் 3ஜிஏ என்று முடியும் கோப்புகள் இருந்தன. கடைசியை அழித்துவிட்டு எம்4ஏ என்று பெயர் மாற்றினேன், உடனே பாடியது. பெயரை மாற்றினாலே போதுமா? அப்படியென்றால் இத்தனை மென்பொருள் எதற்கு?

ஒலிக்கூடம் எழுதியது:

உங்களுக்கு நடந்ததற்குக் காரணம் உண்டு, அம்மா. 3ஜிபி, 3ஜிஏ, எம்4ஏ, எம்பி4 எல்லாம் ஒரே குடும்பத்துப் பெட்டிகள். பெட்டி வேறு, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. பெட்டி ஒன்றாகவே இருந்ததால், மேலே ஒட்டிய சீட்டை நீங்கள் மாற்றியதும் போன் திறந்து பார்த்துவிட்டது. ஏஎம்ஆரின் சீட்டைக் கிழித்து எம்பி3 என்று ஒட்டினால் சரக்கு எம்பி3 ஆகாது. 3ஜிபிக்குள் ஏஎம்ஆரும் இருக்கலாம், ஏஏசி என்ற இன்னொரு ஒலிச் சுருக்க வடிவமும் இருக்கலாம். ஏஏசி இருந்தால், எஃப்எஃப்எம்பெக்கில் மறுபடி சுருக்காமல் அப்படியே பிரதியெடுக்கச் சொல்லி எம்4ஏ பெட்டிக்கு மாற்றலாம். ஒரு விநாடியில் முடிந்துவிடும், இழப்பே இல்லை.

தம்பியின் உடைந்த கோப்புக்கும் இதுவே திறவுகோல். இந்தக் குடும்பத்துப் பெட்டிகளில் எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஒரு அட்டவணை உண்டு. 'மூவ்' என்று பெயர். அதைப் பதிவு முடிந்த பிறகுதான் போன் எழுதும். பேட்டரி கழன்றதால் அட்டவணை எழுதப்படவே இல்லை. குரல் உள்ளே இருக்கிறது, வழிகாட்டத்தான் ஆளில்லை. அட்டவணை தேவைப்படாத வெறும் ஏஎம்ஆராக இருந்திருந்தால் விழுந்த நொடி வரை பாடியிருக்கும்.

தம்பி, கோப்பின் பிரதியை, பைட்களை வரிசையாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் மென்பொருளில் திறந்து பாருங்கள். தொடக்கத்தில் 'எம்டாட்' என்பதன் நான்கு ஆங்கில எழுத்துகள் கண்ணில் படும். அதற்குப் பிறகு, கணக்கில் 'இதைவிடச் சிறியது' என்பதற்குப் போடுவோமே அந்த முனைக் குறி, 32 பைட்டுக்கு ஒரு முறை தவறாமல் வருகிறதா?

மிளகுக்கொடி எழுதியது:

வருகிறது அண்ணா. ஒரு வரியில் 16 பைட் காட்டுகிறது. ஒன்றுவிட்டு ஒரு வரியில், அதே நெடுவரிசையில், தென்னங்கன்று நட்டது போல் நேராகக் கீழே போய்க்கொண்டே இருக்கிறது.

ஒலிக்கூடம் எழுதியது:

ஒவ்வொரு முனைக் குறியும் ஒரு 20 மில்லிவிநாடியின் தொடக்கம். உள்ளே இருப்பது 12.2 ஏஎம்ஆர். வரிசையின் முதல் முனைக் குறிக்கு முன்னால் உள்ளதை எல்லாம் அழியுங்கள். நல்ல கோப்பின் முதல் 6 பைட்டை அங்கே ஒட்டுங்கள். ஏஎம்ஆர் என்று பெயர் வைத்து வேறு இடத்தில் சேமியுங்கள். பிறகு விஎல்சியில் திறங்கள்.

(இப்படி அமையாதவர்களுக்கு: ஏஏசி இருக்கும் எம்4ஏ உடைந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. அதே போனில் பதிந்த ஒரு நல்ல கோப்பை மாதிரியாக வைத்து அட்டவணையை மறுபடி கட்டும் 'அன்ட்ரங்க்' என்ற இலவசக் கருவி இருக்கிறது.)

மிளகுக்கொடி எழுதியது:

பாடிவிட்டது.

7 நிமிடம் 48 விநாடி. கோப்பு 7,48,806 பைட். கடைசியில் ஒரு பெரிய சத்தம், அது போன் படியில் விழுந்தது. அதற்குச் சற்று முன் அப்பாயி 'பாத்துடா' என்று சொல்கிறார். பதின்மூன்று ஆண்டுகளாக அது அந்தக் கோப்புக்குள் இருந்திருக்கிறது. எனக்குச் சொன்னது.

வேறு ஒன்றும் எழுத வரவில்லை. நன்றி அண்ணா.

அம்மாப்பேட்டைத் தறி எழுதியது:

இரண்டு கோப்பையும் மூன்று இடத்தில் வையுங்கள் தம்பி. ஒன்று சேலத்தில், ஒன்று மலையில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில்.

மிளகுக்கொடி எழுதியது:

வைத்துவிட்டேன் அண்ணா. ஏஎம்ஆர் அப்படியே, பக்கத்தில் வேவ்.

இந்த ஞாயிற்றுக்கிழமை 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வீட்டுக்குப் போய்ச் சின்ன அப்பாயியிடம் இரண்டையும் போட்டுக் காட்டினேன். அப்பாயியின் தங்கை, வயது எண்பதுக்கு மேல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாவது கோப்பு படியில் விழுந்து நின்றதும், கண்ணைத் திறக்காமலே, அறுந்த இடத்திலிருந்து கதையை எடுத்துக்கொண்டு போனார். அவசரமாகப் போனை எடுத்தேன். ஒலிக்கூடம் அண்ணன் சொன்னதை மனதில் வைத்து, முந்தின நாளே வேவில் பதியும் செயலி ஒன்றை நிறுவி, 48,000 ஹெர்ட்ஸ், ஒற்றைத் தடம் என்று வைத்திருந்தேன். அதனால் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. விநாடிக்கு 96,000 பைட். அப்பாயியை ஒரு நிமிடம் பிடித்து வைத்த இடத்தில் இது ஒரு விநாடியை வைக்கிறது. 22 நிமிடம் பேசினார்.

இரவு இரண்டு பதிவையும் அடுத்தடுத்துப் போட்டேன். சின்ன அப்பாயி 'சேர்வராயன்' என்று சொல்லும் இடத்தில் அந்த முதல் எழுத்தின் சீறல் பல்லிடுக்கில் கேட்கிறது. அப்பாயியும் அப்படித்தான் சொல்வார்.